தந்தையே என்று சொல்லும் குரல்

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஆண்டவருடைய பெயருக்குப் பஞ்சமே கிடையாது. அடையாறில் இருக்கும் என் புகுந்த வீட்டார் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். மாமியார் கண்ணை மூடினால் "ராஜா, தகப்பனே, இயேசப்பா" என்று மூச்சு விடாமல் கூப்பிடுவார். என் கணவருக்கு எப்போதும் "அப்பா"தான். என் முறை வரும்போது நான் "ஆண்டவரே" என்று ஆரம்பித்துச் சுருக்கமாக முடித்துவிடுவேன்.

"இன்னாம்மா, ஆபீசரக் கூப்புடுற மாதிரியே கூப்புடுற? அப்பான்னு உரிமையா கேளேன்," என்பார் மாமியார்.

எனக்கு வராது. என் அப்பா மந்தைவெளியில் இருக்கிறார். அம்மா போன பிறகு, எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். கல்யாணத்துக்காக நான் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது, கத்தோலிக்கரான அவருக்குத் தாங்கவில்லை.

"கொயந்தையில நான் தூக்கிக்கினு போயி கோயில்ல தண்ணி ஊத்துனது செல்லாதா? இனிமே என் வூட்டுப் பக்கம் வராத," என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

ஞாயிறு மாலைப் பூசைக்கு அவர் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு வருவார். கணவரிடம் சொல்லிவிட்டு நானும் போய்க் கூட்டத்தோடு நிற்பேன். எல்லாரும் சேர்ந்து "எங்கள் தந்தையே" என்று ஜெபிக்கும்போது, அப்பாவின் குரல் மட்டும் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடும். எதிலும் அவருக்கு அவசரம். அந்தக் குரலைக் கேட்கத்தான் போனேன். சாமி கும்பிடப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாய் நிறையத் தந்தையே என்று கூப்பிடுகிறாரே, தன்னை அப்படிக் கூப்பிட ஒருத்தி ஏங்கிக்கொண்டிருப்பது தெரியாதா என்று ஆத்திரமாகவும் வரும்.

போன மாதம் துணிந்து அவருக்கு நேர் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த ஜெபத்துக்குப் பிறகு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்வது வழக்கம். யாராக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பா திரும்பினார். என்னைப் பார்த்தார். "சமாதானம்" என்றார், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவருக்குச் சொன்ன அதே மரியாதையோடு. பதிலுக்கு நான் "அப்பா" என்றேன். அதற்குள் அவர் பீடத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் உட்கார இடமே இல்லை. நானும் விடுவதாக இல்லை, அவருக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். "எங்கள் தந்தையே" என்று எல்லாரும் தொடங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் அன்று யாரையும் முந்தவில்லை. சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. திரும்பினேன். அப்பா என் பக்கமாகக் கைகூப்பி நின்றிருந்தார், கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டு.