இருபத்தைந்தாவது தலை

எமலின் மிஷன் பள்ளியை விட்டுப் போன அன்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை; ஐந்து வருடம் கையைப் பிடித்து எழுத்துக் கற்றுக்கொடுத்த கிரேஸ் மிஸ்ஸிடம்கூட இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை பத்துப் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு மிஷன் பள்ளி வாசலைத் தாண்டி நடந்தாள். நேரே போய், ஊர்ச் சீமாட்டி அபேகோன் ஹாமினே பள்ளிக்கூடமென்று புதிதாகப் போட்டிருந்த தென்னங்கிடுகுக் கொட்டகைக்குள் நுழைந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பார்த்தவர்கள் அதைத் துணிச்சல் என்றார்கள். துணிச்சலாவது ஒன்றாவது! பெரிய மனுஷி ஒருத்தி சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள், அவ்வளவுதான்.

ரன்தொட்டைக் கடற்கரையில் அதுவரை பெண்பிள்ளைகளுக்கு இருந்தது மிஷன் பள்ளி ஒன்றுதான். புத்த விகாரைக்குப் பூக் கொண்டுபோகிற வீட்டுப் பிள்ளைகளும் அங்கே போய் வேதப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். புத்தர் பிறந்த வெசாக் பண்டிகைக்கு லீவு கேட்டால் முறைப்பார்கள். ஊரிலேயே பெரிய வீட்டுக்காரியான ஹாமினேக்கு இது பொறுக்கவில்லை. பெண்களைக் கூட்டிச் சங்கம் வைத்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து, தென்னந்தோப்பின் ஓரத்தில் கொட்டகை போட்டார். தம்மதின்னா பாலிகா வித்தியாலயம் என்று பலகையும் மாட்டியாயிற்று. பெயர் கொட்டகையைவிட நீளமாக இருந்தது. எல்லாம் தயார், பிள்ளைகள்தான் இல்லை. அரசாங்கம் பதிவு செய்ய இருபத்தைந்து பேர் வேண்டும்; சேர்ந்தவர்கள் பதினான்கு. பள்ளிகளைப் பார்வையிடும் வித்தியாதரிசி வந்து தலையெண்ண ஒரு மாதம்தான் இருந்தது.

எமலினின் அப்பா தியோனிஸ் விகாரையில் மேளம் அடிப்பவர். அவருடைய சாதிக்கே அதுதான் தொழில். புத்தருக்குப் பூசை நடக்க அவர் மேளம் வேண்டும். ஊர்க்காரர்களுக்கு மட்டும் அவரோடு ஒரே பலகையில் உட்கார ஆகாது. இது எமலினுக்குத் தெரியாததல்ல. ஆனால் பதினாறு வயதானதும் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்ல வைத்துக்கொள்வதாகக் கிரேஸ் மிஸ் சொல்லியிருந்தார். தியோனிஸின் மகள் டீச்சர்! இந்த ஒரு நினைப்பிலேயே அவள் வளர்ந்தாள்.

அந்த மாதத்துப் பௌர்ணமிப் போயா நாளில், வெள்ளைச் சேலை உடுத்துச் சில் என்ற விரதம் எடுத்து விகாரை அரசமரத்தடியில் அமர்ந்திருந்த ஹாமினே அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வா பிள்ளை. நீதானே தியோனிஸின்ர மகள்? கணக்கில கெட்டிக்காரியாம், உண்மையோ?"

"மிஸ் அப்பிடித்தான் சொல்லுறவ, ஹாமினே."

"பெரிய ஆளானாப் பிறகு என்னவாகப் போறாய்?"

"டீச்சர்."

"அங்கயோ?" ஹாமினே உதட்டைப் பிதுக்கினார். "அங்க டீச்சருக்கு என்ன மரியாதை? குட் மோனிங் எண்டு சொல்லிப்போட்டுப் பிள்ளையள் போயிடும். எங்கட பள்ளிக்கூடத்தில வெற்றிலை குடுத்து, முழங்கால்ல நிண்டு டீச்சரின்ர காலைக் கும்பிடுவினம். உன்ர கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு வா. உன்னைக் கலாசாலைக்கு அனுப்பி டீச்சராக்கிறது என்ர பொறுப்பு. ஒருநாளைக்கு உன்ர காலையும் கும்பிடுவினம், பார்."

எமலின் சொக்கிப்போனாள். பொய் பேச மாட்டேன் என்று அன்று காலைதான் பிக்குவின் முன்னால் சீலம் எடுத்த வாய். பொழுது சாய்வதற்குள் அந்த வாய் பொய் சொல்லுமா என்று யோசித்தாள். சொல்லாது என்று முடிவு கட்டினாள். சில் எடுத்தவர்களை அப்படி நம்பித்தான் அந்த ஊரில் பிள்ளைகள் வளர்கிறார்கள்; அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

வித்தியாதரிசி வந்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விரலை நீட்டி எண்ணினார். கடைசியில் நின்ற எமலினைக் காட்டி, "இருபத்தைந்து" என்றார். ஹாமினேக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று பிள்ளைகளுக்கெல்லாம் பாற்சோறு. பெயர்களை இடாப்பில் பதிந்து எழுதும்போது, எமலின் என்பது வெள்ளைக்காரப் பெயர் என்று அடித்துவிட்டு விமலாவதி என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டில் அவள் எமலின்தான்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அவள் அங்கே படித்தாள். மழை பெய்தால் எல்லா வகுப்பும் ஒழுகாத ஒரே மூலையில் நடக்கும். வெசாக்குக்குக் காகித விளக்குக் கூடு ஒட்டக் காய்ச்சிய பசையைப் பாதி கூட்டுக்கும் பாதி வாய்க்கும் பூசிக்கொள்வார்கள். சில் எடுத்த நாளில் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. கருப்பட்டித் துண்டும் பாலில்லாத தேநீரும்தான். சாயங்காலம் கண்ணை மூடினால் யாருக்கும் தியானம் வராது, சோறுதான் வரும். இப்படியே கொட்டகை ஓட்டுக் கட்டடமாகி, பக்கத்தில் விடுதியும் வந்தது.

ஹாமினேயின் கொழுந்தன் மகள் இரங்கனி விடுதிக்கு வந்து சேர்ந்தாள். பின்னக் கணக்கு என்றால் அவளுக்குக் காய்ச்சல் வரும். எமலின்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். காலையில் இலைக்கஞ்சி ஊற்றும்போது மற்றவர்களுக்குக் கோப்பை, எமலினுக்கு மட்டும் தேங்காய்ச் சிரட்டை. "சிரட்டையில குடிச்சாத்தான்டி ருசி" என்று இரங்கனி சிரித்துக்கொண்டே சொல்வாள். எமலினும் சேர்ந்து சிரித்துவிடுவாள். சிரிக்காமல் என்ன செய்வது, டீச்சராக வேண்டுமே.

ஆசிரியர் கலாசாலைக்கு அந்தப் பள்ளியிலிருந்து வருடத்துக்கு ஒருத்தியை அனுப்பலாம். பெயர் எழுதிக் கொடுப்பது ஹாமினே. கடைசிப் பரீட்சையில் எமலின் முதலாவது, இரங்கனி ஒன்பதாவது. காலைக் கூட்டத்தில் பஞ்ச சீலம் சொல்லி முடித்ததும் தலைமை ஆசிரியை பெயரை வாசித்தார். இரங்கனி அபேகோன்.

எமலின் அவளைக் கிணற்றடியில் பிடித்தாள்.

"நான் என்னடி செய்யிறது? பெரியம்மா எழுதிப்போட்டா" என்றாள் இரங்கனி.

"நீ போகாட்டி நானும் போகமாட்டன் எண்டு சொன்னாயே."

"அது சின்ன வயசுக் கதையெல்லோ."

"போன மாசம் சொன்னாய், இரங்கனி."

இரங்கனி வாளியை இறக்கித் தண்ணீர் இறைக்கத் தொடங்கினாள்.

அன்று மத்தியானமே எமலின் ஹாமினேயின் மாளிகைக்குப் போனாள். வழக்கம்போல, அவள் சாதிக்கென்று வைத்திருந்த ஒரு சாணே உயரமுள்ள முக்காலியைக் காட்டினார்கள். அவள் உட்காரவில்லை.

"ஹாமினே, நீங்கதானே என்னை டீச்சராக்கிறன் எண்டு சொன்னது?"

"சொன்னன். இல்லையெண்டு சொல்லேல்லையே." ஹாமினே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "அப்ப மனசாரத்தான் சொன்னன். இப்ப விடுதியில பெரிய குடும்பத்துப் பிள்ளையள் நாற்பது பேர் இருக்கினம். வருசப் பிறப்புக்கு அந்தப் பிள்ளையள் உன்ர காலைக் கும்பிட்டா, தாய் தகப்பன்மார் சும்மா விடுவினமோ? அடுத்த நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிடுவினம்."

"கும்பிட வேண்டாம் ஹாமினே. நான் சும்மா பாடம் மட்டும் சொல்லிக் குடுக்கிறன்."

"நல்ல கதை! டீச்சரைக் கும்பிடாட்டி அது எங்கட பள்ளிக்கூடமோ? மிஷன் பள்ளியாயெல்லோ போயிடும்."

எந்த ஆசையைக் காட்டிக் கூட்டி வந்தார்களோ, அதையே கதவாகச் சாத்திவிட்டார்கள். ஹாமினே வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, போனால் போகிறதென்று ஒரு வார்த்தை சேர்த்தார். "வேணுமெண்டா பள்ளிக்கூட மணி அடிக்கிற வேலையைத் தாறன். அடிக்கிறதெண்டா உங்கட ஆக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லைத்தானே."

அங்கிருந்து எமலின் நேரே மிஷன் பள்ளிக்கு நடந்தாள். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்களே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு போனாள். கிரேஸ் மிஸ்ஸின் தலை நரைத்திருந்தது. "எமலின்" என்று பழைய பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.

"நீங்க பதினொரு பேரும் விட்டிட்டுப் போன அந்த வருசம் எங்களுக்குத் தலை குறைஞ்சு போச்சு" என்றார் மிஸ். "ஒரு டீச்சரை நிப்பாட்டச் சொல்லி அரசாங்கம் எழுதிச்சு. வேலை போனது என்ர தங்கச்சிக்கு."

எமலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சின்ன வகுப்புக்கு இப்பவும் ஒரு இடம் இருக்கு. பத்துப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனாய். பத்துப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா, தாறன்."

"அதுகளுக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வாறது, மிஸ்?"

"அங்க கூட்டிக்கொண்டு போகேக்க என்ன சொன்னாயோ, அதையே சொல்லு."

வாங்கடி, எல்லாரும் டீச்சராகலாம் என்றுதான் அன்று சொல்லியிருந்தாள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்திகூட ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. எல்லாம் கயிற்று நாருக்குத் தேங்காய் மட்டை அடிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளும்தான். பதிவு கிடைத்த பிறகு ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டுப் பள்ளியிலிருந்து ஓர் ஆளும் போனதில்லை. எமலினும் போகவில்லை. இரங்கனிக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க நேரமிருந்தது, அவர்களுக்கு இல்லை. கிரேஸ் மிஸ்ஸின் முன்னால் நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. திரும்பி நடந்தாள். மணியடிக்கவும் போகவில்லை, பிள்ளை பிடிக்கவும் போகவில்லை.

அடுத்த வருடம் கயிறு திரிக்கிற மார்ட்டினுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவளும் மட்டை அடித்தாள், கயிறு திரித்தாள். இரங்கனி டீச்சராகித் தம்மதின்னாவுக்கே திரும்பி வந்து, பிறகு தலைமை ஆசிரியையும் ஆனாள். வீதியில் கண்டால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

மகள் குசுமாவுக்குப் பள்ளி வயது வந்தபோது, வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு பள்ளிகள் இருந்தன. எமலின் இரண்டையும் தாண்டி, மூன்று மைல் தள்ளியிருந்த அரசாங்கப் பள்ளிக்கு மகளை நடத்திக் கூட்டிப் போனாள். அங்கே தலைமை ஆசிரியர் ஒரு படிவத்தை எடுத்து வைத்து, பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில் எல்லாம் கேட்டு எழுதினார்.

"தாய் படிச்ச பள்ளிக்கூடம்?"

எந்தப் பள்ளியின் கணக்கிலும் இனித் தன் தலை சேரக் கூடாது என்று எமலினுக்கு இருந்தது.

"நான் பள்ளிக்கூடம் போகேல்லை, ஐயா."

"எழுதப் படிக்கவும் தெரியாதோ?"

"தெரியாது."

அவர் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். எமலின் பெருவிரலை மையில் அழுத்தினாள். முந்தின நாள் மாலை முழுவதும் அம்மா முற்றத்து மணலில் எழுதிக் காட்டியதைப் பார்த்துத் தன் பெயரை எழுதிப் பழகியிருந்த குசுமா, அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உங்களுக்கு எழுதத் தெரியும்தானே!"

"சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, எமலின் அவர் காட்டிய இடத்தில் ரேகையை வைத்தாள்.