ரேடியோ வாயடைத்த தேர்வு

எங்கள் அக்காவுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்த் தண்ணீர் நிரம்பிய குடுவையோடும் பேசுவாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்டவள் கல்லூரி நாட்களில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போய், பேசாததால் கோட்டைவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? அங்கே தேர்வு என்றால் பேராசிரியர் எதிரில் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். இவள் ஒரு வரி சொல்வாள். அவர் பேசாமல் பார்ப்பார். எங்கள் வாத்தியார்கள் அப்படிப் பார்த்தால் 'நிறுத்து' என்று அர்த்தம். ரேடியோ நிறுத்திவிட்டது. அங்கேயோ 'மேலே சொல்' என்று அர்த்தமாம். எல்லாப் பாடத்திலும் இதே கூத்து. தட்டுத் தடுமாறித் தேறினாள், அவ்வளவுதான்.

"இந்த மார்க்கெல்லாம் நம்ம காலேஜ்ல சேராதுடி" என்றார்கள் கூடப் போன தோழிகள். சேரவில்லைதான். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண்ணும் வேண்டும் என்றார்கள். மேற்படிப்பு இருந்தால்தான் அவள் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக முடியும். இல்லையென்றால் காலத்துக்கும் குடுவை கழுவ வேண்டியதுதான்.

"அந்த ஆறு மாசத்தை யாரு தோண்டப் போறா? விட்டுடும்மா" என்றார் அப்பா.

"விட்டா, படிச்சு முடிக்கிற வரைக்கும் எப்போ மாட்டுவோமோன்னு பயந்துக்கிட்டே இருக்கணும்ப்பா. நான் நிம்மதியா தூங்கணும்."

அந்த மார்க்கையும் சேர்த்தே அனுப்பிவிட்டாள். இரண்டு இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளோ அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

துணைக்குப் போன நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவைச் சரியாகச் சாத்தவில்லை; இடுக்கு வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. துறைத் தலைவர் அம்மா எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார்.

"மத்த மார்க்கெல்லாம் நல்லா இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி?"

"வாய்மொழித் தேர்வு மேடம். அவங்க பேசாம பார்த்ததும் நிறுத்தச் சொல்றாங்கன்னு நினைச்சு நிறுத்திட்டேன். தப்பு என்னோடதுதான். ஆனா பாடம் தெரியும். கேளுங்க."

"சரி. தொட்டியில போடுற குளோரின், குழாய்க்கு வர்றதுக்குள்ள ஏன் குறையுது?"

அக்கா ஒரு வரி சொன்னாள். அந்த அம்மா பேசாமல் பார்த்தார். பேசு, பேசித் தொலை என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

அக்கா தொண்டையைச் செருமினாள். பிறகு ஆரம்பித்தாள். குழாயின் துருவில் தொடங்கி, தொட்டியில் விழும் வெயிலுக்குப் போய், அடியில் படியும் பாசிக்கு இறங்கி, எந்தத் தெருவில் எந்த முனையில் குளோரின் காணாமல் போகிறது என்பதுவரை வந்தாள். யாரோ தண்ணீர் குடித்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ரேடியோ நிற்கவில்லை.

"போதும்மா, போதும்!" துறைத் தலைவர் சிரித்துவிட்டார். "வகுப்புல மத்தவங்களையும் கொஞ்சம் பேச விடுங்க."

வெளியே வந்தவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வகுப்புலன்னு சொன்னாங்கடா!"

அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.