பிலோமி அக்கா பேசாமல் நின்ற நாள்

அந்தக் காலையில் நான் முதலில் கவனித்தது செருப்பைத்தான். பழம் பிரிக்கும் கொட்டகைக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது. பிலோமி அக்காவின் கணவர் மணல் ஒட்டிய செருப்போடு மேசை வரை வந்துவிட்டார். மேஸ்திரிகூடத் தடுக்கவில்லை. "முடிஞ்சுபோச்சு" என்றார் அவர். மஞ்சள் காமாலையோடு ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த அக்கா விடியற்காலையில் போய்விட்டார்.

நம் கூழ் ஆலையில் அவரோடு நின்று மாம்பழம் பிரித்த உங்கள் எல்லோருக்கும் அவருடைய வாய் தெரியும். அழுகலை மேலாகச் சீவிவிட்டுக் கூழுக்கு அனுப்பச் சொன்ன மேஸ்திரியிடம் ஒருமுறை, "அண்ணாச்சி, ஈயே மூக்கப் பொத்திக்கிட்டுப் போவுது. ஒமக்கு மட்டும் மணக்குதோ?" என்றார். திரேஸ்புரத்து மீன் ஏலத்தில் பழகிய குரல். கொட்டகையே சிரித்தது. நான் மட்டும் குனிந்துகொண்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு வந்த எனக்கு, பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லவே குரல் வராது.

போன கோடையில் அரசாங்க அதிகாரி சோதனைக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். மாம்பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. காம்புப் பக்கத்தை மோந்து பார்ப்போம். உள்ளே புளித்திருந்தால் கள் வாடை வரும். எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், அன்று காலையிலிருந்து எந்த வாடையும் தெரியவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, தோல் நன்றாக இருந்ததையெல்லாம் நல்ல பழமென்று தள்ளினேன். அவை இரண்டாவது அண்டாவில் கூழாகிக்கொண்டிருந்தன. மறுநாள் டப்பாவில் அடைபட்டுக் கப்பலேற வேண்டிய கூழ்.

அதிகாரி முதல் அண்டாவைத் திறந்து பார்த்தார், சரியாக இருந்தது. முற்றத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த அழுகல் கூடைகளைக் குழியில் கொட்டச் சொல்லி, யாரும் எடுத்து விற்காதபடி மேலே பினாயில் ஊற்றவைத்தார். பிறகு கை கழுவினார். மேஸ்திரி துண்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அக்கா என் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மோந்தார். இன்னொன்றையும் எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஏளா, மூக்கு அடைச்சிருக்கா?"

தலையாட்டினேன்.

"காலையிலேருந்தா? எல்லாம் ரெண்டாவது அண்டாவுலயா கெடக்கு?"

"நீங்க சொல்லிருங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"நான் சொன்னா அது கோளு. நீ சொல்லு."

"வேலை போயிரும்க்கா."

"போனாலும் போவும். திங்கிறவன் வயிறு?"

அதிகாரி பையை எடுத்துவிட்டார். எவரிடமும் எதையும் அடக்கிவைக்காத அக்கா அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. பழத்தைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பேச்சுகளை நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள், பிறகு அழுகிறீர்கள். எனக்கென்று நான் வைத்திருப்பது அவர் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான்.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, ரெண்டாவது அண்டாவையும் தொறந்து பாருங்க" என்றேன். "அது நான் பிரிச்ச பழம்."