பிறருக்காக ஊதியவர்

துருத்தி என்று சொன்னால்தான் அந்தக் குடியிருப்பில் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு போய்விட்டது. கல்மாவு ஆலையில் அண்ணன் அரைக்கும் கூடத்தில் நின்றார். இவருக்கோ வெளியே லாரிக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை. அதனால் கல்தூசி ஏறாமல் இவர் நெஞ்சு மட்டும் தப்பித்தது.

ஆலையில் வருடத்துக்கு ஒருமுறை மூச்சுச் சோதனை நடக்கும். சிறு குழாயை வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும்; அதன் மேலிருக்கும் முள் நகரும். முள் பாதியைத் தாண்டாவிட்டால் மறுநாள் வேலை கிடையாது. சோதிக்க வந்த மகானுபாவர் முள்ளைப் பார்ப்பாரே தவிர, முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அது போதாதா? அண்ணன் பெயரைக் கூப்பிட்டதும் துருத்தி எழுந்து போனார். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் பெயருக்கு, அவிழ்த்துவிட்டு இன்னொருவர் பெயருக்கு என்று, அண்ணனோடு சேர்த்து ஏழு பேருக்காக ஊதினார். அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான்.

ஏழு பேரும் தூசியிலேயே நின்றார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே தூங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் நான்காவது ஆள்.

ஆலை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை துருத்தி. ஆனாலும் வீடு அமைதியாக இருந்தால் பக்கத்து நாற்காலியில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்கும். மாடிப்படியில் இளைக்காமல் ஏறுவதற்கே கூச்சப்பட்டு, நடுப்படியில் நின்று பொய்யாக இளைப்பார். பாவம், யாரிடம் போய்ச் சொல்வார்?

இடிந்து கிடந்த ஆலையைச் சீர்ப்படுத்தி, அரைக்கும் கூடத்தில் மருத்துவ அறையும் தார்ப்பாய்க் கொட்டகையில் வேலை உதவி மையமும் திறந்தார்கள். மையத்து அம்மா துருத்தியைத் தேடிவந்து வேலை கொடுத்தார். வீடு வீடாகப் போய், கல் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களை மூச்சுச் சோதனைக்கு அழைத்துவர வேண்டும். இப்போது முள் ஏறாவிட்டால் வேலையை விட்டுத் துரத்த மாட்டார்கள். அதே சம்பளத்தில் தூசியில்லாத வேலைக்கு மையமே மாற்றிவிடும். பதினோரு பேரை ஏற்கனவே மாற்றியிருந்தார்கள். துருத்தி வாய் வலிக்கச் சொன்னார். சோதனை அறைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை.

அண்ணன் மகன் தரைக்கல் அறுக்கும் பட்டறையில் இருந்தான். அவன் முறை வருவதற்கு முதல் நாள் துருத்தியைத் தேடிவந்தான்.

"சித்தப்பா, எனக்கு மட்டும் ஊதிடுங்க."

"வேற வேலை தராங்கடா."

"சொல்லுவாங்க. தரலேன்னா பிள்ளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?"

மறுநாள் அவனோடு அண்ணியும் வந்தார். துருத்தி முதல்முறையாகச் சோதனை அறைக்குள் போய் அவர்களோடு உட்கார்ந்தார். நர்ஸ் குனிந்து எழுதியபடியே அவன் பெயரைச் சொன்னாள். துருத்தியின் கால்கள் தானாக எழுந்தன. குழாய் கைக்கு வந்துவிட்டது. உதட்டருகே கொண்டுபோனபோது, பின்னால் நாற்காலியில் அதே மூச்சு இழுத்தது. திரும்பிப் பார்த்தார். அண்ணன் மகன்தான்.

குழாயை மேசையில் வைத்தார்.

"உங்கப்பாவுக்கு நாலு வருஷம் நான்தான்டா ஊதினேன். ஊதாம இருந்திருந்தா வேலை போயிருக்கும், பட்டினி கிடந்திருப்போம். ஆனா அவரு இருந்திருப்பாரு."

அண்ணிதான் பேசினார்.

"தெரியும் தம்பி. உன்கிட்ட கேக்கச் சொல்லி அவரை அனுப்புனதே நான்தான். நேத்து இவனை அனுப்புனதும் நான்தான்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குழாயை எடுத்து, கண் பிதுங்க ஊதினான்.

முள் கால்வாசிகூட ஏறவில்லை.

நர்ஸ் எழுதி, சீட்டைக் கிழித்து நீட்டினாள். "கொட்டகையில குடுங்க. இனிமே பட்டறைக்குள்ள போக வேண்டாம், வேற வேலைக்கு அவங்க இன்னைக்கே பேசுவாங்க." மகன் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

துருத்தி நகரவில்லை. அந்த நாலு வருடத்தில் அண்ணனின் முள் எங்கே நின்றிருக்கும் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது, கால்வாசிக்குக் கீழே நின்றிருந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.