ஐப்பசி மாதத்து நம்பர் ஒன்

1. செருப்பைத் தேடிய மாப்பிள்ளை

மைக் செட் தொழிலில் நான் பட்ட சங்கடங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் நான் ஒரு பாட்டைப் போட்டேன். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஆம்ப்ளிஃபையர் புகைந்தது, மழையில் ஸ்பீக்கர் பாக்ஸ் நனைந்தது, மந்திரம் நடக்கும்போது மைக் ‘கீ...’ என்று கத்தியது எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

என்னை இங்கே மைக் செட் பாய் என்பார்கள். திருக்கடையூரில் அறுபது, எழுபது, எண்பது என்று எந்த வயதுக் கல்யாணம் நடந்தாலும் மண்டபத்தில் ஒயர் இழுப்பது பெரும்பாலும் நான்தான். மற்ற மைக் செட்காரர்களிடம் இல்லாத ஒரு சரக்கு என்னிடம் உண்டு. அந்தச் சரக்குதான் அன்றைக்கு என் காலை வாரியது.

2. கதையும் இல்லை, படமும் இல்லை

இளவயதில் வளைகுடாவில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடக்கும். இங்கிலாந்தில் எந்த வாரம் எந்தப் பாட்டு அதிகம் விற்றது, எந்த இடத்தில் நுழைந்தது, எதுவரை ஏறியது, எப்போது இறங்கியது என்று வருடக்கணக்கில் அச்சடித்த புத்தகம். வாடிக்கையாளர்கள் பந்தயம் கட்டிச் சண்டை போட்டால் முதலாளி அதைப் பிரித்துக் காட்டித் தீர்ப்புச் சொல்வார். கடையை மூடியபோது மற்றவர்கள் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. அமெரிக்காவின் பட்டியல் புத்தகங்கள் தனி, இங்கிலாந்தினுடையவை தனி. வாரவாரியாக ஒன்று, பாடகர் பெயர் வரிசையில் ஒன்று. அங்கே நூலகங்கள் வேண்டாம் என்று கழித்துக்கட்டுகிற பிரதிகளைத் தேடிப் பிடித்து வரவழைப்பேன். ‘புதுப் பதிப்பு வந்துவிட்டதே, பழையது எதற்கு?’ என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். புதுப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று பழைய பாட்டின் விவரத்தைப் புதுப் பதிப்பில் சுருக்கிவிடுவார்கள் ஐயா! அதனால் இரண்டும் வேண்டும். பார்சலைத் தூக்கி வரும் போஸ்ட்மேனுக்கு மட்டும் இது புரிந்ததே இல்லை.

“என்ன பாய், மறுபடியும் கருங்கல்லா?” என்பார்.

என் மனைவி ஜரினா ஒருமுறை பொறுமையாக ஒரு பக்கம் முழுக்கப் படித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல கதையும் இல்ல, படமும் இல்ல. வெறும் பேரும் நம்பருமா இருக்கு. வாக்காளர் பட்டியலு கூட இதவிடப் பரவால்ல, அதுல தெரிஞ்சவங்க நாலு பேராவது இருப்பாங்க.”

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். அங்கே யார் யாரோ வந்து திருத்திவிட்டுப் போகிறார்கள். புத்தகத்தில் ஒரு தப்பு இருந்தால் அது நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும், அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அதோடு, ஒரு பாட்டைத் தேடப் போனால் அக்கம்பக்கத்தில் குடியிருந்த பாட்டெல்லாம் கண்ணில் படும். இந்தச் சுகத்தை ஃபோனில் தேடுகிறவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இந்தக் கிறுக்கைத் தொழிலில் சேர்த்தது தற்செயல்தான். ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்கு, தாத்தா பிறந்த வாரத்தில் அவர்கள் நாட்டில் எந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது என்று பார்த்துப் போட்டேன். பேரப்பிள்ளைகள் மண்டபத்தில் ஆடித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு ‘பிறந்த வாரப் பாட்டு’ என்று கேட்டே ஆள் வர ஆரம்பித்தது. மாலை மாற்றி, நாதஸ்வரம் ஓய்ந்து, பந்திக்கு எழுவதற்கு முன்னால் அந்தப் பாட்டு. வேனில் பாக்ஸோடு புத்தகங்களும் ஏறின. ஜரினா அலமாரியில் இன்னொரு தட்டு விட்டுக்கொடுத்தாள்.

3. ஆனியா, ஐப்பசியா

இனி மாப்பிள்ளை. பெயர் மாரிமுத்து. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பா அம்மா இருவரும் பண்ணை வீட்டு வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இவர் படித்து இன்ஜினியர் ஆகி, இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே வீடு வாசல் என்று ஆனவர். ஒரே மகள் கயல். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிப் பார்த்தே தீருவேன் என்று லீவு போட்டு, மண்டபம் பிடித்து, எல்லாம் அவள் ஏற்பாடு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த தேதியை எனக்கு அனுப்பினாள். ஜூன் மாதம். நானும் இங்கிலாந்துப் புத்தகத்தைப் பார்த்துப் பாட்டை எடுத்து வைத்தேன்.

அன்று காலை கலசமெல்லாம் வைத்தாகிவிட்டது. உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். குருக்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

“பாய், அப்பா ஒரு மாதிரி உம்முனு இருக்காங்க. பாட்டை இப்பவே போட்டுருங்களேன்” என்றாள் கயல்.

வாடிக்கையாளர் சொல்லே மந்திரம். மைக்கைப் பிடித்தேன். மாரிமுத்து ஐயா பிறந்தது இன்ன தேதி, இன்ன மாதம் என்று கணீரென்று வாசித்து, அந்த வாரம் இங்கிலாந்தையே கலக்கிய பாட்டு இதோ என்று தட்டிவிட்டேன். இரண்டு வரிகூடப் போகவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு குரல், மைக்கே தேவைப்படாத குரல்:

“யாரு சொன்னது தம்பி ஆனியில பொறந்தான்னு? ஐப்பசியில பொறந்தான்! அடமழை! நான்தானே மருத்துவச்சியக் கூட்டியாந்தேன்!”

அஞ்சலை அக்கா. மாரிமுத்துவின் உடன்பிறந்த அக்கா, அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

மண்டபம் சிரித்தது. விஷயம் விளங்கியதும் எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது, பள்ளிக்கூடத்தில் இடம். பிறந்த தேதி என்ன என்று வாத்தியார் கேட்பார், கொண்டுவந்து விட்டவர் முழிப்பார், வாத்தியாரே வருடத்தைக் குத்துமதிப்பாக வைத்து ஜூனில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். என் சான்றிதழும் ஜூன்தான். இத்தனையும் தெரிந்த நான் பாஸ்போர்ட்டை நம்பினேன் பாருங்கள்!

மாரிமுத்து சிரிக்கவில்லை. மாலை போடாத கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பொறந்த நாளே தெரியாதவனுக்கு அறுபதாம் கல்யாணம் எதுக்கு? அய்யரு நட்சத்திரம் கேட்டாரு, தெரியலன்னேன். ராசி கேட்டாரு, தெரியலன்னேன். போதும் கயலு.”

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார். அவர் மனைவி பட்டுப் புடவையோடு மணைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். கயலுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் ஜூன்ல கேக் வெட்டுவேன் பாய். ஒரு வாட்டிகூட சொன்னதில்ல” என்றாள்.

குருக்களுக்கு இதெல்லாம் பழக்கம். “அதனால என்ன? நட்சத்திரம் தெரியலன்னா பேரை வச்சு நாம நட்சத்திரத்துல பண்ணிடலாம். மனுஷன் வந்து உக்காந்தாப் போதும்” என்றார். மனுஷன் உட்கார வேண்டுமே, அதுதான் பிரச்சினை. வம்பை மைக்கில் கூப்பிட்டவன் நான். தீர்க்கவும் நான்தான் வழி பார்க்க வேண்டும்.

4. தப்பிக்க முடியாத பாட்டு

அஞ்சலை அக்காவிடம் போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, ஐப்பசியில எந்தப் பக்கம்? ஆரம்பமா, கடைசியா?”

“தீபாவளி முடிஞ்சுபோச்சு பாய். அது நல்லாத் தெரியும். அம்மாவால நிக்க முடியல, பலகாரமே சுடல அந்த வருஷம். அப்புறம் பண்ணை வீட்டுல பையன் பொறந்து ஊருக்கே சக்கரை குடுத்தாங்க. நான் தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் போயி வாங்கினேன். இவனுக்குக் கழுத்து நிக்கல. ஒரு கையால தலையப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால சக்கரை.”

“அந்தப் பண்ணை வீட்டுப் பையன் இப்ப எங்க இருக்காரு?”

“எங்க இருக்காரா? போன கார்த்திகையில இதே ஊர்லதானே அவருக்கு அறுபது பண்ணாங்க! நானும் வந்து சாப்பிட்டுட்டுப் போனேன். நீங்கதானே மைக்கு போட்டீங்க!”

நான்தான். ஜாதகத்தில் இருந்த தேதியைக் கொடுத்து அவர்களும் பிறந்த வாரப் பாட்டு கேட்டிருந்தார்கள். அந்தப் பாட்டும் நினைவில் இருந்தது. வேனுக்கு ஓடினேன். வாரவாரியான புத்தகத்தை எடுத்துவந்து குருக்கள் முன்னால் விரித்து, பண்ணை வீட்டுப் பையன் பிறந்த வருடத் தீபாவளி எந்தத் தேதி என்று கேட்டேன். அவர் மடியிலிருந்து ஃபோனை எடுத்து, பஞ்சாங்க ஆப்பில் தேடிச் சொன்னார். தீபாவளித் தேதியில் ஒரு விரலையும் பண்ணை வீட்டுப் பையன் பிறந்த வாரத்தில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு நடுவில் பார்த்தேன். என்னையறியாமல் “அல்லாஹ்” என்றேன். குருக்கள் ஏதோ நல்ல சேதி என்று புரிந்துகொண்டார்.

மாரிமுத்து வாசலில் தென்னை நிழலில் நின்றிருந்தார். செருப்பு கிடைத்திருந்தது, ஆனால் காலில் போடவில்லை. அது எனக்குத் தைரியம் கொடுத்தது.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. இதை மட்டும் பாத்துட்டுப் போங்க. நீங்க பொறந்தது தீபாவளிக்கு அப்புறம், பண்ணை வீட்டுப் பையனுக்கு முன்னாடி. அக்கா சொல்றாங்க.”

“நாலு வாரம் இருக்கும். அதுல எந்த நாளு? உங்க புத்தகம் சொல்லுமா?”

“நாளு சொல்லாதுங்க. ஆனா இந்தப் பக்கத்தப் பாருங்க. தீபாவளிக்கு முந்தின வாரமே ஒரு பாட்டு மொத இடத்துல ஏறி உக்காந்துச்சு. மார்கழி பொறந்தப்புறம்தான் எறங்குச்சு. நடுவுல யாராலயும் அசைக்க முடியல.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரவாரியாக விரலை ஓட்டினார். இன்ஜினியர் இல்லையா, ஒரு வாரத்தையும் விடவில்லை.

“அப்ப நான் எந்த நாளு பொறந்திருந்தாலும்...”

“இதுதாங்க உங்க பாட்டு. தப்பிக்கவே முடியாது.”

விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “பண்ணை வீட்டுப் பையனுக்கு?”

“அவருக்கும் இதேதாங்க. போன கார்த்திகையில நான்தான் போட்டேன்.”

மனிதர் சிரித்தார் பாருங்கள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. உள்ளே போய் அக்காவிடம் சொன்னார். அஞ்சலை அக்கா சட்டென்று, “ஐயையோ! பண்ணை வீட்டுக்காரரு பாட்டுக்குக் குத்தகை கேட்டு வந்துடப் போறாரு!” என்றார். மண்டபத்தில் மறுபடியும் சிரிப்பு. இந்த முறை மாரிமுத்துவும் சேர்ந்து சிரித்தார். மணையில் உட்கார்ந்தார். மாலை மாறியது. பாட்டைப் போட்டேன். இங்கிலாந்தில் பல தடவை கேட்டிருக்கிறாராம், பிடிக்கவே பிடிக்காதாம். ஆனாலும் முழுக்கக் கேட்டார்.

தேதியைக் கேட்காதே, பிறந்த அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேள். இதுதான் அன்றைய பாடம் என்று மதியம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. அஞ்சலை அக்காவின் ரேங்க்

பந்தி முடிந்து நான் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா வெற்றிலையை மடித்தபடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பாய், எனக்கு ஒரு பாட்டு பாத்துச் சொல்லுங்களேன்.”

“சொல்லிட்டாப் போச்சு. நீங்க எப்பப் பொறந்தீங்க?”

“தெரியாது. நான் பள்ளிக்கூடமே போவல. தேதி போட வாத்தியாரும் இல்ல.”

“அப்ப யாரெல்லாம் இருந்தாங்க? யாராவது சொல்லியிருப்பாங்கல்ல?”

“அவனுக்கு நான் இருந்தேன். எனக்கு மேல யாரு இருக்கா? எல்லாரும் போயாச்சு.”

வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன், இந்த அம்மாவுக்கு ஒரு வாரத்தை எடுத்துக் கொடுக்க வழியில்லை. அவரே வழி சொன்னார்.

“ஒண்ணு பண்ணுங்க. நல்ல பாட்டா நாலு போடுங்க. எது புடிக்குதோ, அன்னைக்கித்தான் பொறந்தேன்னு வச்சுக்கறேன்.”

சுருட்டிய ஒயரை மறுபடி பிரித்து ஒரு பாக்ஸை மட்டும் மாட்டினேன். கெத்தாக இருக்கட்டும் என்று முதலிடம் பெற்ற பாட்டாகத்தான் முதலில் எடுத்தேன். “இவன் ஏன் அழுவுறான்?” என்றார். அடுத்த முதலிடத்துக்கு, “வயித்து வலிக்காரன் மாதிரி இருக்கு” என்றார். மூன்றாவதாக விரலுக்கு அகப்பட்டதைப் போட்டேன். கைத்தட்டலோடு ஓடுகிற பாட்டு. அக்காவின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. வெற்றிலையை மெல்லவும் மறந்துவிட்டார்.

“இதான். இதுலதான் நான் பொறந்தேன். இது எத்தனாவது?”

புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பாட்டு எழும்பிய உயரம் முப்பத்தெட்டாம் இடம். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பட்டியல் விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

“முப்பத்தெட்டுக்கா.”

“எத்தனை பேர்ல?”

யோசித்துப் பார்த்தேன். “அந்த வாரம் கடைகள்ல இருந்த பாட்டு ஆயிரக்கணக்குல இருக்கும். அதுல நாப்பதைத்தான் இந்தப் புத்தகத்துல சேத்துக்கிட்டாங்க.”

அக்கா திருப்தியாகத் தலையாட்டினார்.

“அப்ப நான் பாஸு. இன்னொரு வாட்டி போடுங்க.”

போட்டேன். இப்போது யாராவது வந்து, ‘பாய், எங்கம்மாவுக்குத் தேதியும் தெரியாது, சொல்ல ஆளும் இல்லை’ என்றால் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. பாக்ஸை மாட்டி, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிடிக்கும்வரை ஒவ்வொன்றாகப் போடுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அவர்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்வரை அவசரப்படாதீர்கள், மண்டபக்காரர் விளக்கை அணைத்தாலும் சரி.