பக்கம் புரட்டாமல் வாசித்த கதை

கடற்கரை விடுமுறைக்குப் பேய்க்கதை கொண்டுபோகிற பைத்தியம் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்ணில் ஆப்பரேஷன் முடிந்த கையோடு, குட்மேய்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, கிழக்குக் கடலோரத்தில் ஒரு வாரத்துக்கு அறை எடுத்தோம். வாசிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசிக்காவிட்டால் நான் சண்டைக்கு நிற்பேன் என்று மனைவிக்குத் தெரியும். நூலகத்தில் எடுத்த இரண்டு தமிழ் நாவல்களையும் தானே வாசித்துக் காட்டுவதாகச் சொன்னாள்.

நல்ல கதைக்காரிதான். ஆனால் சிறுவயதில் இறந்துபோன தன் தம்பியைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டாள். காய்ச்சலில் போனான் என்று அவளுடைய வீட்டார் சொன்னார்கள். அவளிடம் கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் விடவில்லை.

முதல் நாவல் துப்பறியும் கதை. கொலைகாரன் யாரென்று பாதியிலேயே உளறி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்தது மலைநாட்டு பங்களா ஒன்றில் உலாவும் பேயின் கதை. அதைத் தொடங்கிய அன்று பனிப்புகார் கடலை மூடியிருந்தது. அலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பகலிலேயே விளக்குப் போட்டோம். நான் கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடந்தேன். அவள் ஜன்னலோரம் இருந்து வாசித்தாள்.

பங்களாவில் பூட்டிய கதவு ஒன்று தானாகத் திறந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். அதுவரை பயம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு எப்படியோ கதைக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

"படகில் எல்லோரும் குனிந்திருந்தார்கள். தம்பிக்கு இருமல் நிற்கவில்லை. தூரத்தில் ரோந்துப் படகின் வெளிச்சம் இவர்கள் பக்கம் திரும்பியது. அக்கா அவனுடைய வாயையும் மூக்கையும் சேர்த்துக் கையால் பொத்தினாள்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பக்கம் புரளும் சத்தம் கேட்டு வெகுநேரமாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிறகு?" என்றேன்.

"அத்தியாயம் முடிஞ்சுது. தேத்தண்ணி போடட்டோ?"

விடுமுறை முடியும்வரை அவள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. வீடு திரும்பி, கண் தெளிந்த பிறகு, அவள் கடைத்தெருப் பக்கம் சாமான் வாங்கப் போன நேரத்தில் நானே அதை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். மலை இருந்தது, பங்களா இருந்தது, பேயும் இருந்தது. கடல் இல்லை. படகு இல்லை. பிள்ளை என்று ஒன்றுமே இல்லை. எனக்குப் பெரும் பயமாக இருந்தது. கேட்டால் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்வாள். கேட்காவிட்டால் அந்தப் படகில் தனியாகவே இருப்பாள்.

கதவு திறந்தது. பைகளை வைத்துவிட்டு என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"வாசிச்சு முடிச்சிட்டீங்களோ?"

"இல்லையப்பா. கண் இன்னும் கூசுது. மிச்சத்தை நீரே வாசியும்."

கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் வந்து இருந்தாள். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தாள். திறக்கவில்லை.

"வெளிச்சம் போய்விட்டது," என்று தொடங்கினாள். "அக்கா கையை எடுத்தாள். தம்பி இருமவில்லை."