மண்ணோடு அரைத்த மொச்சை: உத்தனப்பள்ளிக்கு இரண்டாம் முறை

ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள் ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு வழி கேட்டு எனக்கு எழுதுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போனது கோட்டைக்காக இல்லை, மொச்சைக்காக. 1968, பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்கு இருபத்து மூன்று வயது. சேலத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில் பயறு வகைகளின் சத்தைச் சோதிக்கும் உதவியாளர் வேலை. வேலையை விட வாய் அதிகம் என்று அங்கே எனக்குப் பெயர்.

விஷயம் இதுதான். மாசியில் ஒரு முறை போய் ஏழு ரக நாட்டு மொச்சை கொண்டுவந்திருந்தேன். ஆறு ரகம் கிருஷ்ணகிரிச் சந்தையில் வாங்கியது. ஏழாவது, உத்தனப்பள்ளியில் சவுரியம்மா என்கிற விவசாயி தன் வீட்டிலிருந்து அள்ளிக் கொடுத்தது. செக்கச்செவேல் என்று இருந்தது. இப்படிச் சிவந்த மொச்சையை எங்கள் ஆய்வகத்தில் யாருமே பார்த்ததில்லை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டில் 'செம்மொச்சை' என்று நானே பெயரும் வைத்துவிட்டேன்.

ஏழையும் அரைத்து, அமிலத்தில் கொதிக்கவைத்து, புரதம் கணக்கிட்டோம். எல்லாம் ஒரே பயிர், எல்லாம் கேழ்வரகுக் கொல்லையில் ஊடே சால் விட்டு வளர்வது. ஆனாலும் ரகத்துக்கு ரகம் புரதம் ஏறி இறங்கியது. எண்களை இப்போது நினைவிலிருந்து எழுதினால் பொய்யாகிவிடும், வேண்டாம். வரிசை மட்டும் மறக்கவில்லை. கடைசி இடம் என் செம்மொச்சைக்கு.

"அதை அடிச்சிடும்மா. திங்கக்கிழமை பட்டியல் அனுப்பணும்" என்றார் எங்கள் அதிகாரி. விதைக்கத் தகுந்தவை என்று நாங்கள் அனுப்பும் அந்தப் பட்டியலில் இல்லாத ரகத்தை விதைப்பவர்களுக்கு ஆடிப் பட்டத்தில் வேறு விதை கொடுத்து மாற்றிவிடுவதாக ஏற்பாடு. அதாவது சவுரியம்மாவின் மொச்சை இனி சவுரியம்மாவின் கொல்லையிலேயே இருக்காது. ஒரு வார்த்தை நேரில் சொல்லாமல் அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. லீவு போட்டுக் கிளம்பினேன்.

காலை 6.20க்கு சேலத்தில் பாசஞ்சர் ரயில். சாமல்பட்டியில் இறங்கும்போது ஒன்பது. அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ், ஒரு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பிறகு ராயக்கோட்டைக்கு வேறு பஸ், தொண்ணூறு பைசா. சுமார் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுகிறவர்களோடு கோழியும் ஏறும், கூடையும் ஏறும். கண்டக்டர் முன்சீட்டில் தெலுங்கு, நடுவில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மூன்றிலும் சில்லறை கேட்டார்.

"தனியா எங்கம்மா போறே?"

"உத்தனப்பள்ளி. மொச்சை விஷயமா."

"மொச்சைக்கு சேலத்துல பஞ்சமா?" என்று பஸ்ஸே கேட்கும்படி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராயக்கோட்டை வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ராயக்கோட்டையில் டீ, பன். ஓசூர் பஸ்ஸில் ஏறி அரை மணியில் உத்தனப்பள்ளி. மணி ஒன்று இருக்கும். சவுரியம்மா களை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, ஒல்லி, குரல் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"வா கண்ணு! சாப்புடு மொதல்ல. தவக்காலம், கறியெல்லாம் கெடையாது. களியும் மொச்சக் கொழம்பும்தான்."

தட்டில் கை வைக்கும் முன்பே போட்டு உடைத்துவிட்டேன். "அக்கா, உங்க மொச்சை சோதனையில கடைசியா வந்துடுச்சு. சத்து கம்மியாம். பட்டியல்லேர்ந்து எடுக்கப் போறாங்க."

குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. "யாரு சொன்னது?"

"சோதனை சொல்லுது, அக்கா."

"என்னாம்மா பேசறே! நாப்பது நாளு எங்களுக்குக் கறி, மீனு, முட்ட எல்லாம் இதுதான். இதத் தின்னுட்டுத்தான் மண்வெட்டி புடிக்கறோம். சத்து இல்லாமயா ஒடம்பு நிக்குது? வேற வெத குடுத்தா நான் எங்க போயி இத வாங்கறது? இது எங்கூட்லதானே இருக்குது!" கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது.

என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே அவரே கேட்டார். "சரி, நீங்க எப்பிடி வேக வெச்சீங்க?"

"வேக வைக்கலை அக்கா. பையிலேர்ந்து எடுத்து அப்படியே மிஷின்ல அரைச்சோம்."

"கழுவாம?"

"மொச்சையை எதுக்குக் கழுவணும்?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு கை மொச்சை அள்ளிவந்து, தண்ணீர்ச் சட்டியில் போட்டுக் கசக்கினார். தண்ணீர் செங்கல் கரைத்ததுபோல் ஆயிற்று. கையை விரித்துக் காட்டினார். வெளேரென்று, கண்ணில் மட்டும் ஒரு கறுப்புக் கீற்றோடு, கொழுகொழு மொச்சை. சிவப்பு எல்லாம் சட்டியில்!

"செம்மண்ணு கட்டி வெச்சிருக்கறோம், கண்ணு. சேறாக் கரைச்சிப் பொரட்டிக் காய வெச்சா வண்டு அண்டாது. திங்கறப்ப கழுவிட்டுத் திம்போம். நீங்க மண்ண அரைச்சிட்டு சத்து இல்லேங்கறீங்களே, அடக் கடவுளே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது. சந்தைக்கு வருவதைக் கழுவிக் கொண்டுவருவார்களாம். வீட்டுக்கு வைத்துக்கொள்வதுதான் மண் கட்டியது. எனக்கு அவர் கொடுத்தது தன் வீட்டுப் பங்கு. அன்று மூன்று உருண்டை களி சாப்பிட்டேன்.

திங்கள் காலை அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டு விழுந்தது, நியாயமான திட்டு. ஆனால் பட்டியலை ஐந்து நாள் நிறுத்திவைத்தார். அதே பையில் மிச்சமிருந்ததைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி அரைத்தோம். ஒரு முறையை நம்பாமல் மூன்று முறை செய்தோம். மூன்றிலும் ஏழில் முதலிடம் அதற்குத்தான். சந்தை மொச்சையில் ஒன்றையாவது அது எட்டிப் பிடித்தாலே போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான். பதிவேட்டில் 'செம்மொச்சை' என்பதை என் கையாலேயே அடித்து 'வெள்ளை, கறுப்புக் கண்' என்று எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக என் தப்பை நான் வேறெப்போதும் திருத்தியதில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: அந்தச் சாலையில் இன்று தொழிற்சாலை ஷிப்ட் பஸ்களும் லாரிகளும் நெரிகின்றன. ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி சுமார் இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மொச்சை வேண்டுமென்றால் மார்கழி, தையில் போங்கள். காய்ந்தது என்றால் மாசிக்குப் பிறகு. யார் வீட்டிலாவது நாட்டு ரகம் கொடுத்தால் நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள், எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். ஒரே ஊரில் இரண்டு வீட்டு மொச்சை ஒரே சத்து என்றும் நினைக்காதீர்கள். படித்தவர்கள் நாங்களே நிறத்தைப் பார்த்து வழுக்கி விழுந்தோம்.

ஆனி மாதம் மூன்றாம் முறை போனேன், அதிகாரியோடு, ஜீப்பில். விதைப் பெருக்கத்துக்கு மூன்று படி மொச்சை வேண்டும் என்று அவர் சவுரியம்மாவிடம் பணிவாகவே கேட்டார். சவுரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏய், இங்க வந்து பாரு! ஆபீசு வெத குடுக்கத்தான் வரும்னு இருந்தேன். எங்கிட்ட கேக்க வந்திருக்குது!"